‘எழு’ என்று சொல்வதற்கு முன்: சமூக விமர்சனக் கவிதை எழுத ஒரு வழிகாட்டி

சமூகத்தைக் கேள்வி கேட்கும் கவிதை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தோடுதான் வருகிறார்கள். கோபம் வேண்டும், அது இல்லாமல் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. ஆனால் முதல் வரைவைப் படித்துப் பார்த்தால் கோபம் சொந்தமாக இருக்கும், சொற்கள் இரவலாக இருக்கும். புயல், விடியல், எரிமலை, விலங்கு, சிறகு என்று மேடையில் கேட்டவையும் சுவரொட்டியில் படித்தவையும் வரிசையாக வந்து நிற்கும். எதை எதிர்த்து எழுத நினைத்தோமோ அதை எழுதவே இல்லை என்பது கடைசி வரியில்தான் தெரியவரும்.

இரவல் சொல்லை உதறிவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல முயன்றால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கிறது. கவிதை கூர்மையடைகிறது. எழுதுகிறவருக்கும் மற்றவர் கொடுத்த பார்வையிலிருந்து கொஞ்சம் விடுதலை கிடைக்கிறது. கீழே வரும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

தேவையானவை குறைவு: சட்டைப் பையில் அடங்கும் ஒரு குறிப்பேடு, ஒரு பேனா, ஐந்து வாரம். முதல் வாரம் குறிப்பு எடுக்க, இரண்டாவது வாரம் படிக்க, மூன்றாவது வாரத்தில் ஒரே அமர்வில் வரைவு, நான்காவது வாரம் அதைத் தொடாமல் இருக்க, ஐந்தாவது வாரம் திருத்த. முதல் கவிதைக்கு 8 முதல் 15 வரி போதும். நீளமாக எழுதத் தொடங்கினால் 16-ஆவது வரியில் பெரும்பாலும் பிரசங்கம் புகுந்துவிடும்.

முதல் வாரம்: பிரச்சினையைத் தேடாதீர்கள், நிகழ்ச்சியைத் தேடுங்கள்

‘சாதி’, ‘பெண்ணடிமை’, ‘ஊழல்’, ‘சுரண்டல்’ ஆகியவை கட்டுரைத் தலைப்புகள். அவற்றிலிருந்து தொடங்கினால் கட்டுரைதான் வரும், வரிகளை உடைத்து எழுதியிருப்போம், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு மூன்று குறிப்பு என்று ஏழு நாளில் 21 குறிப்பு எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: இடம், ஆள், ஒரு பொருள், சொல்லப்பட்ட அல்லது சொல்லாமல் விடப்பட்ட ஒரு வார்த்தை. பெயரடை வேண்டாம். ‘பாவப்பட்ட’, ‘கொடூரமான’, ‘ஏழை’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, அப்படி நினைக்க வைத்தது எதுவோ அதை எழுதுங்கள்.

குறிப்பு இப்படி இருக்கலாம்: ‘ஜவுளிக்கடை, மூன்றாம் மாடி. விற்பனைப் பெண். வாடிக்கையாளருக்குப் போட்ட நாற்காலி. உட்காருங்க என்றாள்.’ அல்லது: ‘விண்ணப்பப் படிவம். தந்தை / கணவர் பெயர் என்று ஒரே ஒரு கட்டம். அவள் பேனாவை மூடிவிட்டாள்.’

வாரக் கடைசியில் 21 குறிப்புகளையும் படித்து, எதில் நீங்களும் பங்காளியோ அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தது நீங்கள்தான் என்றால் புள்ளி. அந்தப் படிவத்தை நீட்டியது நீங்கள் என்றால் இரண்டு புள்ளி. புள்ளி இல்லாத குறிப்புகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். தன் பங்கு இல்லாத அநீதியைப் பற்றி எழுதும்போது புதியவர்கள் நீதிபதி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள், அங்கிருந்து பார்த்தால் மனிதர்கள் சின்னதாகத்தான் தெரிவார்கள்.

இரண்டாவது வாரம்: யானை வரும் வழி

அதிகாரத்தின் முகத்துக்கு நேரே பேசும் கவிதை தமிழுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். அதைப் பாராட்டிவிட்டுக் கடந்து போவதைவிட, கடிகாரத்தைப் பிரிப்பதுபோல் பிரித்துப் பார்ப்பது உபயோகமானது. புறநானூற்றில் 184-ஆவது பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது. விஷயம் வரி வசூல். மொத்தம் 11 வரி.

காய்நெல் அறுத்துக் கவளம் கொளினே
மாநிறைவு இல்லதும் பன்னாட்கு ஆகும்
நூறுசெறு ஆயினும் தமித்துப்புக்கு உணினே
வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்

விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மா (பழைய நில அளவு) கூட இல்லாத நிலத்து விளைச்சலும் பல நாளைக்குக் காணும். நூறு வயலாக இருந்தாலும் தானே தனியாகப் புகுந்து தின்றால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவது அதிகம். இந்த நான்கு வரியிலும் ‘யானை’ என்ற சொல் இல்லை. யானைக்கு ஊட்டும் உருண்டையைக் குறிக்கும் ‘கவளம்’ என்ற சொல்தான் யானையை உள்ளே கூட்டிவருகிறது. அரசனும் இல்லை, வரியும் இல்லை. கேட்கிற மன்னன் வயல் கணக்கு ஏதோ சொல்கிறார் என்று தலையாட்டிக்கொண்டிருப்பான்.

அடுத்த இரண்டு வரி நல்ல அரசனைப் பற்றியது. முறையறிந்து வாங்கினால் கோடிக் கணக்கில் சேரும், நாடும் செழிக்கும். அதற்கப்புறம்தான் மெல்லிய அறிவுள்ள அரசனும், தகுதி தெரியாமல் கூச்சல் போடும் அவன் சுற்றமும் வருகிறார்கள். பத்தாவது வரியில் ‘யானை புக்க புலம்போல’ என்று யானை கடைசியாகப் பெயரோடு நுழைகிறது. அந்த வரி மற்ற வரிகளைவிடக் குட்டையானது: நான்கு சீர் வர வேண்டிய இடத்தில் மூன்றுதான். ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்திய வரி, குறைவது நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகையின் இலக்கணம். ஆனால் இங்கே அந்த ஒரு சீர்க் குறைவு, அடி விழுவதற்கு முன் மூச்சை இழுத்துப் பிடிப்பதுபோல் வேலை செய்கிறது. பிறகு: ‘தானும் உண்ணான் உலகமும் கெடுமே.’

இதிலிருந்து கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று. பாட்டு முழுவதும் ‘நீ’ என்ற சொல்லே கிடையாது, குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலேயே அரசன் தன்னை அடையாளம் கண்டுகொள்ள இடம் விடப்பட்டிருக்கிறது. உவமை அலங்காரமாக வரவில்லை, வாதமே அதுதான். யானையை எடுத்துவிட்டால் பாட்டில் மிச்சம் ஒன்றும் இருக்காது. ‘வாயைவிடக் கால்’ என்று நஷ்டம் அளந்து சொல்லப்படுகிறது. கொடுங்கோல் என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை.

இதற்குப் பக்கத்தில் 46-ஆவது பாட்டை வைத்துப் படியுங்கள். சிற்றரசன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட முனைந்த சோழன் கிள்ளிவளவனிடம் கோவூர் கிழார் சொன்னது. எட்டே வரி. அதில் வருகிற குழந்தைகள் யானையைக் கண்டு அழுகையை மறந்துவிடுகிறார்கள், மன்றத்து அந்நிய முகங்களைப் பார்த்துத்தான் மருள்கிறார்கள். சாகப் போகிறோம் என்று தெரியாமல் யானையை வேடிக்கை பார்க்கும் பிள்ளை. இந்த ஒரு காட்சிக்கு மேல் எந்தக் கண்டனமும் தேவைப்படவில்லை. முடிவு: ‘கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே.’ கேட்டுக்கொண்டாய் அல்லவா, இனி உன் விருப்பப்படி செய். கட்டளையிடவில்லை. முடிவைக் கேட்பவன் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறார். இன்றைய கவிதைகளில் கடைசி வரி கெட்டுப்போவது அநேகமாக இந்த விலகல் தெரியாததால்தான்.

நேரம் இருந்தால் 95-ஐயும் படிக்கலாம். எதிரி அரசன் தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளப்பாக இருக்கின்றன என்று அதியமானின் தூதராகப் போன ஔவையார் புகழ்கிறார். அதியமானுடைய ஆயுதங்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்ச்சியே அடியாக விழுகிறது.

வரைவு: ஒரு கெட்ட கவிதையும் அதைத் திருத்துவதும்

ஜவுளிக்கடைக் குறிப்பை எடுத்து ஒருவர் முதல் வரைவு எழுதினால் அது பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

பெண்ணே, நிற்கின்றாய் நீ!
நிமிர்கிறது முதலாளித்துவம்!
உன் கண்ணீரில் நனைகிறது
கல்நெஞ்சச் சமூகம்!
விலங்கொடித்து எழு!
புயலாய்ப் புறப்படு!

நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் பத்து மணி நேரமாக நின்றுகொண்டிருக்கும் ஒருத்தியைப் பார்த்து ‘எழு’ என்கிறது இந்தக் கவிதை. அவளுக்கு வேண்டியது உட்காருவதற்கு ஓர் இடம். எழுதியவர் அவளைப் பார்க்கவில்லை, ‘எழு’ என்ற சொல்லை வேறெங்கோ கேட்டிருந்தார், அது தானாக வந்து விழுந்துவிட்டது. இரவல் சொல் செய்யும் கெடுதல் இதுதான்: கண்ணை மறைக்கும்.

திருத்துவதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று, நடப்பைச் சரிபார்ப்பது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். கேரளம் 2018-இலேயே அப்படிச் செய்தது. ஆகவே ‘சட்டம் வேண்டும்’ என்று முடியும் கவிதை காலாவதியானது. சட்டம் வந்த பிறகும் கண்ணில் படுவது எதுவோ அதை எழுத வேண்டும். விஷயம் தெரிந்த ஒரு வாசகர் ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் மீதி வரிகளையும் நம்ப மாட்டார்.

இரண்டாவது வேலை, குறிப்புக்குத் திரும்புவது. அங்கே என்ன இருந்தது? ‘உட்காருங்க என்றாள்.’ நாள் முழுக்க உட்காரச் சொல்லுகிறவள் உட்காருவதில்லை. கவிதை அந்த ஒரு வார்த்தைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. திருத்திய வடிவம்:

“உட்காருங்க” என்றாள்.
உட்கார்ந்தேன்.

இருபது புடவை விரித்தாள்.
பதினோராவதில்
இடக்காலின் பாரத்தை
வலக்காலுக்கு மாற்றினாள்.

ஒன்று பிடித்தது.
பத்தொன்பதை மடிக்கத் தொடங்கினாள்.
எழுந்தேன்.

என் சூடு ஆறாத நாற்காலியைத்
துணியால் ஒரு தட்டுத் தட்டி
“உட்காருங்க” என்றாள்
பின்னால் நின்றவரிடம்.

முதல் வரைவில் ‘எழு’ என்று அவளுக்கு இட்ட கட்டளை, இதில் ‘எழுந்தேன்’ என்று பேசுபவரின் வினையாகிவிட்டது. முதலாளி வரவில்லை, சமூகம் வரவில்லை, கண்ணீர் வரவில்லை. எண்கள் வந்திருக்கின்றன. இருபதில் ஒன்று போனால் பத்தொன்பது என்ற கழித்தல் கணக்கைப் படிப்பவர் தானே போட்டுப் பார்த்து, மடிப்பதற்கு ஆகும் நேரத்தையும் உணர்ந்துகொள்வார். எண்ணிக்கை பொய்யாக இருக்கக்கூடாது. முந்நூறு புடவை என்று எழுதினால் உடனே மிகை தெரிந்துவிடும்.

யார் பேசுகிறார்கள்: தமிழ் இலக்கணம் வைத்திருக்கும் பொறிகள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். தமிழில் எழுதுகிறவருக்கு இதைவிட முக்கியமான படி வேறில்லை. இந்த மொழியில் சமூகத்தின் ஏற்றத்தாழ்வு வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘அதிகாரி வந்தார், காவலாளி வந்தான்’ என்று யோசிக்காமல் எழுதிவிடுகிறோம். ‘டாக்டர் சொன்னார், ஆயா சொன்னாள்.’ சமத்துவம் பேசும் கவிதையே இப்படி ஆர்-க்கும் ஆன்-க்கும் நடுவே கோடு போட்டுவிடும். வரைவு முடிந்ததும் ஒவ்வொரு வினைமுற்றையும் வட்டமிட்டு, யாருக்கு ‘ஆர்’, யாருக்கு ‘ஆன், ஆள்’ என்று இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். மேலே இருக்கும் ஜவுளிக்கடைக் கவிதையில்கூட விற்பனைப் பெண்ணுக்கு ‘என்றாள்’, அடுத்த வாடிக்கையாளருக்கு ‘நின்றவர்’. இதை மாற்றலாமா? ‘என்றார்’ என்று எழுதினால் மரியாதை வரும், ஆனால் அவர் பெண் என்பது மறைந்துபோகும். அதைவிட முக்கியம், உட்கார்ந்திருக்கும் ‘நான்’ அவளை அப்படித்தான் பார்க்கிறது. அந்த ‘நான்’ யோக்கியமானது என்று கவிதை சொல்லவில்லை. அதனால் இங்கே விட்டுவைக்கலாம். தெரிந்து விட்டுவைப்பது வேறு, தெரியாமல் எழுதுவது வேறு.

அடுத்தது ‘நாம்’, ‘நாங்கள்’. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கினால் நாங்கள். ஒடுக்கப்பட்ட ஒரு வாழ்க்கையை வாழாதவர் அந்த வாழ்க்கையைப் பற்றி ‘நாங்கள்’ என்று எழுதினால் அடுத்தவர் வாயை இரவல் வாங்குகிறார். அதற்குப் பதிலாக ‘நாம் அனைவரும் குற்றவாளிகள்’ என்று எழுதுவதும் தப்பித்தல்தான். எல்லாரும் குற்றவாளி என்றால் யாரும் குற்றவாளி இல்லை. வாழ்ந்தவர் ‘நாங்கள்’ என்று எழுதட்டும், பார்த்தவர் ‘நான்’ என்று எழுதட்டும், ‘நாம்’ என்பதைக் கேட்பவரைத் துணைக்கு அழைக்கும் இடத்துக்கு மட்டும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஏழாம் நூற்றாண்டில் அப்பர் ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்று தொடங்கியபோது அந்த ‘நாம்’ கேட்ட ஒவ்வொருவரையும் உள்ளே இழுத்தது. அந்த இடத்தில் ‘யாம்’ என்று இருந்திருந்தால் கேட்பவர் வெளியே நின்றிருப்பார்.

மூன்றாவது பொறி செயப்பாட்டு வினை. ‘குடிசைகள் அகற்றப்பட்டன’, ‘மாணவர் தாக்கப்பட்டார்’, ‘நிலம் கையகப்படுத்தப்பட்டது’. அரசாணைகளும் செய்திகளும் இப்படித்தான் பேசும், அதில் செய்தவர் காணாமல் போய்விடுவார். கவிதையில் ஒவ்வொரு ‘பட்டது’ வரும்போதும் ‘யார்?’ என்று கேட்டு எழுவாயைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ‘மஞ்சள் வண்டி ஓட்டியவர் டீ குடித்து முடித்துவிட்டு எங்கள் சுவரைத் தள்ளினார்’ என்று எழுதும்போது அந்த ஓட்டுநரும் கூலிக்கு வந்தவர்தான் என்ற அடுத்த கேள்வி தானாக வரும். செயப்பாட்டு வினையில் எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

பேச்சுத் தமிழ் பற்றியும் ஒன்று. கவிதை சொல்பவர் சுத்த எழுத்து நடையிலும், ஏழை மட்டும் கொச்சையிலும் பேசுவது பழைய சினிமாவின் வழக்கம். ஒன்று, இருவரும் தத்தம் பேச்சில் பேசட்டும், அல்லது மேற்கோள் குறிக்குள் வருவது மட்டும் பேச்சு நடையில் இருக்கட்டும். பாரதி 1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் எளிய பதம், எளிய நடை, எளிதில் அறியக்கூடிய சந்தம், பொதுஜனங்கள் விரும்பும் மெட்டு என்று கேட்டார். எளிமை என்றால் ஏழையின் உச்சரிப்பைக் காட்சிக்கு வைப்பது என்று அவர் சொல்லவில்லை.

வடிவம்

மரபா, புதுக்கவிதையா என்ற சண்டையில் புதியவர் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய எழுத்து இதழைச் சுற்றி வளர்ந்த கவிதை மனத்தின் உட்பக்கம் பார்த்தது. 1970-களில் கோவையிலிருந்து வந்த வானம்பாடி இதழின் கவிதை வீதியைப் பார்த்தது. முதலாவதைச் சுயபுலம்பல் என்றும் இரண்டாவதைக் கோஷம் என்றும் அப்போதே திட்டிக்கொண்டார்கள். பிறகு வந்த ஈழக் கவிஞர்களும் தலித் கவிஞர்களும் பெண் கவிஞர்களும் உள்ளே வெளியே என்ற அந்தக் கோட்டையே அழித்துவிட்டார்கள். ஊரடங்கும் சேரியும் உடம்பும் ஒருவரின் உள்விவகாரமும்தான், பொதுவிவகாரமும்தான்.

வரி உடைப்புக்கு ஒரே சோதனை: எல்லா வரியையும் சேர்த்து உரைநடையாக எழுதிச் சத்தமாகப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அது உரைநடை. ஜவுளிக்கடைக் கவிதையில் ‘பதினோராவதில்’ தனி வரியாக நிற்கிறது. அங்கே குரல் ஒரு கணம் நிற்க வேண்டும், கால் மாறுகிற அதே கணம். எதுகை மோனை தானாக வந்தால் நல்லது. அதற்காகச் சொல்லை மாற்றத் தொடங்கினால் ‘நாற்காலி’ போய் ‘ஆசனம்’ வந்துவிடும், ஆசனத்தில் எந்தக் கடையிலும் யாரும் உட்காருவதில்லை.

ஐந்தாவது வாரம்: திருத்தம்

ஏழு நாள் தொடாமல் வைத்த பிறகு மூன்று முறை சத்தமாகப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் கோடு போடுங்கள்.

பிறகு பண்புப்பெயர்களை எண்ணுங்கள். நீதி, சுதந்திரம், மனிதம், அடக்குமுறை, கொடுமை போன்றவை 12 வரிக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால் அதிகம். ஆச்சரியக்குறிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், எடுத்த பிறகு எந்த வரி சோர்ந்து விழுகிறதோ அந்த வரியில் விஷயம் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கேள்வி: ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே நாளில் இதே சொல்லை மேடையில் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது உங்கள் சொல் இல்லை.

கடைசி வரியைக் கையால் மூடிக்கொண்டு படியுங்கள். கவிதை அதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும், அநேகமாக எப்போதும். நம்பிக்கை இல்லாததால்தான் நாம் விளக்க வரி ஒன்றைச் சேர்க்கிறோம். ஜவுளிக்கடைக் கவிதைக்கும் ‘அவள் மட்டும் உட்காரவே இல்லை’ என்று ஒரு வரி எழுத ஆசை வரும். எழுதினால் படிப்பவருக்குச் செய்ய வேலை இருக்காது.

மூன்று பேருக்குக் காட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒருவர் கவிதை படிக்கிறவர், ஒருவர் படிக்காதவர், ஒருவர் அந்த வாழ்க்கையை வாழ்கிறவர். மூன்றாமவரிடம் ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார். ‘எங்கே தப்பு’ என்று கேளுங்கள். பதினோராவது புடவை வரை கால் மாற்றாமல் யாரால் நிற்க முடியும் என்று அவர் சொன்னால் எண்ணை மாற்றிவிட வேண்டியதுதான்.

உள்ளே இருக்கும் காவலர்

இதுவரை வந்த படிகளைச் சரியாகச் செய்தவர்களும் ஓர் இடத்தில் தேங்கிப்போவதுண்டு. தூரத்து அதிகாரத்தைப் பற்றி எழுத முடிகிறது, சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பற்றி எழுத முடிவதில்லை. அம்மா படித்தால் என்ன நினைப்பாள், சொந்த சாதிக்காரர்கள் என்ன சொல்வார்கள், மேலதிகாரி கண்ணில் படுமா. இந்தக் கேள்விகள் வெளியே இருக்கும் எந்தத் தணிக்கையையும்விட முந்தி வந்து பேனாவைப் பிடித்துக்கொள்ளும். தனிமனித விடுதலை என்று பெரிதாகச் சொல்வது நடைமுறையில் இந்தக் கையை ஒவ்வொரு விரலாக எடுப்பதுதான்.

செய்முறை எளிது, செய்வது கஷ்டம். ஒரு தாளில் ‘நான் சொல்ல முடியாதவை’ என்று தலைப்பிட்டுப் பத்து வாக்கியம் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரே அதைக் கேட்கக்கூடாது என்று நீங்கள் பயப்படும் ஒரே ஒரு ஆளின் பெயர். பத்தில் எந்தப் பெயர் அதிகம் வருகிறதோ அவரை எதிரில் உட்கார வைத்து, அவரிடம் பேசுவதாகவே ஒரு கவிதை எழுதுங்கள். இது யாருக்கும் காட்ட வேண்டியதில்லாத பிரதி. பூட்டி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதிலிருந்து எந்த வரிகளை வெளியே விடலாம் என்று முடிவு செய்யலாம். இரண்டு பிரதி என்பதை நேர்மைக்குறைவு என்று நினைக்க வேண்டாம். முழுசாக எழுதியவர் ஒரு வரியை மறைத்தால் எதை மறைத்தார் என்று அவருக்குத் தெரியும். எழுதாமலே விட்டவருக்கு அதுவும் தெரியாது.

பிழைப்புக்காக ஒருவரை அண்டியிருக்கிறவர்கள் என்ன செய்வது? இதுவும் பழைய கேள்வி. அதியமான் தன்னைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசை வாங்க மறுத்து, நான் வாணிகப் பரிசிலன் (பொருளுக்காக மட்டும் பரிசு வாங்குகிறவன்) இல்லை என்றார் பெருஞ்சித்திரனார் (புறம் 208). வாயில் காக்கிறவனிடம் ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே’ என்று சொல்லி யாழைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார் ஔவையார் (புறம் 206). மரம் வெட்டும் தச்சனின் பிள்ளைகளுக்குக் காடு எப்படியோ அப்படி எங்களுக்கு உலகம் என்றார். அந்தத் தைரியத்துக்குப் பின்னால் கைத்தொழில் இருந்தது. ஆகவே சோற்றுக்கு வேறு வேலையை வைத்துக்கொண்டு கவிதையை யாருக்கும் கடன்படாமல் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. விருதுக்கும் மேடைக்கும் எழுதத் தொடங்கினால் அந்தச் சுதந்திரம் முதலில் போகும்.

வெளியிடும்போது

புனைபெயர் கோழைத்தனம் இல்லை. ‘செம்புலப் பெயல்நீர்’ என்ற தொடரால் செம்புலப்பெயனீரார், ‘அணிலாடு முன்றில்’ என்ற தொடரால் அணிலாடு முன்றிலார் என்று குறுந்தொகையில் சொந்தப் பெயர் தெரியாதவர்களின் பாட்டு நிற்கிறது. குடும்பத்துக்குள்ளேயே ஆபத்து இருக்கும் பெண்களும், அரசு வேலையில் இருப்பவர்களும் முதல் கவிதையிலேயே புனைபெயரை முடிவு செய்துகொள்வது நல்லது, நடுவில் மாற்றினால் பயனில்லை. கைபேசி எண்ணோடு இணைந்த கணக்கில் புனைபெயர் போட்டால் அது மறைப்பே ஆகாது.

தனி ஆட்களின் பெயர், தெருப் பெயர், வண்டி எண் போன்ற அடையாளங்களை எடுத்துவிடுங்கள். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 356-ஆவது பிரிவு அவதூறையும், 299-ஆவது பிரிவு மத உணர்வை வேண்டுமென்றே கெட்ட எண்ணத்தோடு புண்படுத்துவதையும் குற்றமாக்குகின்றன. இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது, யாராவது அதைச் சொல்லி மிரட்டினால் தெரிந்து வைத்திருங்கள். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டிவிடும் வரிகளில் சட்டத்துக்கும் முன்னால் அவரது சம்மதம் வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், கவிதை எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும்.

சிற்றிதழுக்கு அனுப்பினால் ஒரே கவிதையை அனுப்பாமல் நான்கைந்து சேர்த்து அனுப்புங்கள். ஒன்றை வைத்து ஆசிரியரால் எழுத்தை எடைபோட முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்புவது சரியில்லை. பதில் வரும்வரை அதே கவிதையைத் திறந்து திறந்து பார்க்காமல் குறிப்பேட்டின் மற்ற பக்கங்களுக்குப் போங்கள். முதல் வாரத்தில் புள்ளி வைத்தும் எழுதாமல் விட்ட குறிப்புகள் அங்கே இருக்கின்றன. இரண்டு புள்ளி விழுந்தது எதுவோ, அடுத்து அதை எடுங்கள்.